வாசலில் இரண்டு படி

ஆன்ட்வெர்ப்
4 செப்டம்பர் 1966

அக்கா சிக்னேவுக்கு,

போன கிறிஸ்துமஸுக்கு நான் எழுதியதற்கு நீ இரண்டு பதில் போட்டாய். நான் ஒன்றுக்கும் திருப்பி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் இருமல். துறைமுகத்து ஈரக்காற்று, வேறொன்றுமில்லை.

கப்பலை விட்டு இறங்கிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே. முப்பத்தைந்து வருடம் இயந்திர அறையில் எண்ணெய் போட்டாயிற்று, போதும். இப்போது லியோன்டின் என்கிற விதவை வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, குடிக்கும்வரை பக்கத்தில் நின்று ஏசுவாள். உன் ஞாபகம் வருகிறது.

லிண்டவிக்குக்குத் திரும்பி வரலாம் என்று இருக்கிறேன். கடைக்கு மேலே உள்ள அறையைத் தருகிறேன் என்று சொல்வாய், தெரியும். கோபப்படாதே, அது வேண்டாம். எனக்கென்று ஒரு வாடகை வீடு பார்த்துச் சொல். ஓர் அறை, ஒரு சமையலறை, தரைத்தளமாக இருக்கவேண்டும். இத்தனை வயதுக்கு என் பெயர் எழுதிய கதவு ஒன்றுகூட எனக்கு இருந்ததில்லை, அக்கா. கப்பலில் எண் போட்ட கட்டில், கரையில் அடுத்தவர் வீட்டு அறை. அந்தக் கதவு ஒன்று கிடைத்தால் போதும். கிறிஸ்துமஸுக்குள் முடியுமா?

முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள். சும்மா விடாதே.

உன் தம்பி
ஈவார்


லிண்டவிக்
12 செப்டம்பர் 1966

ஈவார்,

படித்து முடித்துவிட்டேன். இப்போது திட்டுகிறேன். ஒன்பது மாதம் ஒரு வரி இல்லை! தபால்காரன் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். சரி, அது முடிந்தது. என் முழங்கால் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன, கடை நன்றாக ஓடுகிறது, பூட்டும் பெயிண்டும் நிற்காமல் போகின்றன. உன் இருமலுக்குத் தேன் சாப்பிடு.

இனி வியாபாரம். ஊரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. தொழிற்சாலைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது, கல்யாணமான பிள்ளைகள் அப்பா அம்மாவோடு சமையலறையில் படுக்கிறார்கள். நகராட்சி வீட்டு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஏழு வருடம், எட்டு வருடம் காத்திருக்கிறார்கள். ஆனால் நீ காத்திருக்க வேண்டாம். நீ ஏற்கெனவே காத்திருந்துவிட்டாய்.

1948-இல் 'அடுத்த கோடைக்கு வந்துவிடுவேன்' என்று எழுதினாயே, அந்த வாரமே உன் பெயரை வரிசையில் பதிந்தேன். ஒவ்வொரு ஜனவரியும் அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை வரும். இன்னும் வீடு தேவை என்று கையெழுத்துப் போட்டு மாதக் கடைசிக்குள் திருப்பித் தரவேண்டும். ஒரு வருடம் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். பதினெட்டு அட்டையிலும் 'ஈவார் நோர்லிங்' என்று நான்தான் போட்டேன். உன் கையெழுத்தை உன்னைவிட நான் நன்றாகப் போடுவேன். இதில் உருகுவதற்கு எதுவும் இல்லை. வரிசையில் ஓர் இடம் என்பது சரக்கு மாதிரி. வைத்திருந்தால் ஒரு நாள் விலை வரும்.

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். உன்கூடப் படித்த ஃபோல்கேதான் அங்கே அதிகாரி. உன் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, ஈவார் நிஜமாவே வர்றானா?" என்று கேட்டான்.

"எழுதியிருக்கான்."

"நாப்பத்தெட்டுலயும் எழுதியிருந்தானே."

"அப்ப உனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு. அதைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா?"

சிரித்தான். லிண்டவிக் வரிசையில் உன் பெயர்தான் முதல். காலியாகும் எந்த வீட்டையும் உனக்குத்தான் முதலில் காட்டவேண்டும். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லலாம். மூன்றாவது முறையும் சொன்னால் வரிசையின் வாலுக்குப் போகவேண்டியதுதான்.

ஆகவே அவசரப்படாதே. பதினெட்டு வருடத்தை ஏதோ ஓர் இருட்டுச் சமையலறையில் கொண்டுபோய்க் கொட்ட நான் விடமாட்டேன். ஏரிக்கரையில் புதிய வீடுகள் எழும்புகின்றன. வெந்நீர்க் குழாய், குளியல் தொட்டி, பால்கனி, எல்லாம் உண்டு.

மேல் அறை வேண்டாம் என்றது வலித்தது. அதை மறைக்கவில்லை. அந்த அடுப்பைப் போன வாரம்தான் சுத்தம் செய்தேன்.

தேன் சாப்பிட்டாயா என்று லியோன்டின் அம்மாவைச் சாட்சி வைத்து எழுது.

சிக்னே


ஆன்ட்வெர்ப்
2 அக்டோபர் 1966

அன்பான அக்கா,

தேன் சாப்பிட்டேன். லியோன்டின் சாட்சி. நீ குனிந்து நிமிர்ந்து பெயிண்ட் டப்பா தூக்குவதை நிறுத்தினாயா?

அந்த அட்டைகளைப் பற்றி நீ ஒரு தடவைகூட எழுதியதில்லை. நான் வால்பரைஸோவில் இருந்தபோது, காசாபிளாங்காவில் இருந்தபோது, எங்கே இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாமல் குடித்துக்கிடந்தபோது, ஒவ்வொரு ஜனவரியும் ஒருத்தி எனக்கு வீடு தேவை என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள். லியோன்டினிடம் சொன்னேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பால்கனி வேண்டாம், அக்கா. குளியல் தொட்டியும் வேண்டாம். நீ வீடு பார்க்கும்போது இதை மட்டும் பார்த்துச் சொல்: தெருவிலிருந்து கதவுக்கு எத்தனை படி? கட்டிலில் படுத்தபடி பார்த்தால் ஜன்னலில் ஆள் நடமாட்டம் தெரியுமா? ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏறும் அந்த மேடு இன்னும் அப்படியேதான் இருக்கிறதா, நடுவில் உட்கார எங்காவது பெஞ்சு போட்டிருக்கிறார்களா?

மேல் அறையைப் பற்றித் தப்பாக நினைக்காதே. உன் அறையில் ஒரு குறையும் இல்லை.

சீக்கிரம் கிடைப்பது எதுவானாலும் சரி. முழங்காலைக் கவனி.

ஈவார்


லிண்டவிக்
21 அக்டோபர் 1966

தம்பி,

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. முழங்கால் அதை எனக்கு முந்தின நாளே சொல்லிவிட்டது. நீ காதுக்குத் தொப்பி போடுகிறாயா?

மேடு அப்படியேதான் இருக்கிறது. பெஞ்சு கிடையாது. யார் உட்காருவார்கள் அங்கே?

முதல் வீடு வந்தது. மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால், மில் தெருவில். அங்கே இருந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். தரைத்தளம், ஓர் அறை, ஒரு சமையலறை. வாசலில் இரண்டே படி. நவம்பர் ஒன்றாம் தேதியே சாவி தருகிறேன் என்றான் ஃபோல்கே. அவனோடு போய்ப் பார்த்தேன். விறகடுப்பு, கழிப்பறை முற்றத்தில், துணி துவைக்க இன்னும் பழைய கொட்டகை. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தேன், மரத்தூள் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் தூள் வரும்க்கா. ஜன்னலைச் சாத்திக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

"சாத்தி வைக்கிறதுக்கு எதுக்குடா ஜன்னல்?"

"மூணு நாள்ல பதில் சொல்லணும். ஈவார்கிட்ட கேக்க வேண்டாமா?"

"அவன் கேட்டா சரின்னு சொல்லிருவான். அவனுக்கு வாங்கத் தெரியாது. சின்ன வயசுல சந்தையில முதல் கடையிலேயே காசைக் குடுத்துட்டு வர்றவன் அவன்."

அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தந்தி அடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் முதலில் காட்டும் சரக்கை யாராவது எடுப்பார்களா? ஊசியும் விளக்குத்திரியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாய் விற்ற காலத்திலிருந்து எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்: முகம் திருப்பிக்கொண்டு நடந்தால்தான் நல்ல சரக்கு மேசைக்கு வரும். இன்னும் ஒரு 'வேண்டாம்' நம் கையில் இருக்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு. சட்டை அளவு எழுது, கம்பளிச் சட்டை ஒன்று பின்னுகிறேன்.

சிக்னே


ஆன்ட்வெர்ப்
19 நவம்பர் 1966

அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரம் கொஞ்சம் படுத்துவிட்டேன், இந்த ஊரில் எல்லாருக்கும் சளி. இப்போது தேவலை. உன் முழங்காலுக்கு இந்தக் குளிர் ஆகாதே, கடையில் அடுப்பை நன்றாக எரி.

நீ செய்தது சரியாகத்தான் இருக்கும். உனக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்கிறேன், மில் தெரு வீட்டுக்கு யாராவது வந்துவிட்டார்களா? இரண்டே படி என்று எழுதியிருந்தாய். மரத்தூள் வாசனை எனக்குப் பிடிக்கும். உப்பும் எண்ணெயும் இல்லாத எந்த வாசனையும் பிடிக்கும்.

ஒன்று ஞாபகம் வந்தது. கப்பலில் நீராவிக் குழாய்களுக்கு வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்றைச் சுற்றுவோம், சூடு வெளியே போகாமல் இருக்க. ஒரு கிறிஸ்துமஸுக்குச் செங்கடலில் இருந்தோம். பனி இல்லாத கிறிஸ்துமஸா என்று அதைப் பிய்த்துப் பிய்த்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினோம். தலை, மீசை, எல்லாம் வெள்ளை. அப்படிச் சிரித்ததே இல்லை. அந்தப் பஞ்சில் வேலை செய்திருக்கிறாயா, எத்தனை வருடம் என்று இங்கே ஒருவர் கேட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சட்டை அளவு பழையது வேண்டாம். கொஞ்சம் சிறிதாகவே பின்னு.

ஈவார்


லிண்டவிக்
6 டிசம்பர் 1966

ஈவார்,

சளி விட்டதா? இங்கே மெழுகுவத்தியும் கிறிஸ்துமஸ் மர விளக்கும் விற்று விற்று எனக்கு நிற்க நேரமில்லை. அதனால் வலியும் தெரியவில்லை.

மில் தெரு வீடு போய்விட்டது. ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பையனும் அவன் மனைவி கெர்ஸ்டினும் வந்திருக்கிறார்கள், கைக்குழந்தையோடு. ஜன்னலுக்குத் திரைக்கம்பி நான்தான் விற்றேன். அதை நினைத்து நீ வருத்தப்படாதே.

இரண்டாவது வீடு பெரிய தெருவில், ரொட்டிக்கடைக்கு மேலே. நல்ல வீடு, சுவரெல்லாம் ரொட்டி வாசனை. முப்பத்தெட்டு படி. நீ தரைத்தளம் என்று சொன்னதால் வேண்டாம் என்றேன். நீ என்ன கிழவனா? ஐம்பத்துநாலு வயதுக்கு இத்தனை பிடிவாதமா படியோடு? நம் அப்பா எழுபதில் கூரைமேல் ஏறிப் பனி தள்ளினார்.

இனி நல்ல செய்தி. ஏரிக்கரையில் தரைத்தளத்து வீடு ஒன்று. ஃபோல்கேயிடம் பேசி வாக்கு வாங்கிவிட்டேன். நாலு படி. வெந்நீர், தொட்டி, பால்கனியிலிருந்து தண்ணீரைப் பார்க்கலாம். மே மாதம் சாவி. வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன், மேசை எங்கே கட்டில் எங்கே என்று நீயே பார். மூன்றாவது வீட்டுக்காகக் காத்திருந்தது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

ஜனவரி அட்டையும் இதோடு இருக்கிறது. இந்த வருடம் முன்னதாகவே கொடுத்துவிட்டான். இத்தனை நாள் நான் போட்டேன், இந்தத் தடவை நீயே போடு. வீட்டுக்காரன் நீதானே.

கிறிஸ்துமஸுக்கு வா. பன்றித்தொடை வாங்கிவிட்டேன், ஒருத்தியால் தின்ன முடியாது. மேல் அறைக்குப் பதினாலே படி. ஒரே மூச்சில் ஏறுவாய்.

சட்டையைச் சிறிதாகவே பின்னியிருக்கிறேன். பார்சலில் வருகிறது.

சிக்னே


ஆன்ட்வெர்ப்
9 ஜனவரி 1967

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னித்துவிடு. ரயிலில் கூட்டம் என்றார்கள். பன்றித்தொடையை என்ன செய்தாய்? உனக்கு இந்த வருடம் எல்லாம் நன்றாக அமையட்டும்.

சட்டை சரியாக இருக்கிறது. கொஞ்சம் தொளதொளதான், பரவாயில்லை.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். லியோன்டின் தீக்குச்சிகளை ஒடித்துக் கட்டிலும் நாற்காலியும் செய்தாள். தினம் ஒருமுறை இடம் மாற்றுகிறோம். கட்டிலை ஜன்னலோரம் போடச்சொன்னேன், அவள் காற்றடிக்கும் என்கிறாள். இதுவரை நான் ஜெயித்திருக்கிறேன். வருகிற செப்டம்பரில் நம் நாட்டில் வண்டியெல்லாம் இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் ஓடப்போகிறதாமே! அந்த முதல் நாள் காலையில் ஜன்னலில் உட்கார்ந்து, யார் யாரை இடிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

மே மாதம் என்றால் தொடக்கத்திலா, கடைசியிலா?

அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோணலாக இருந்தால் லியோன்டின் மேசையைத் திட்டு. ஒரு கால் குட்டை.

ஈவார்


லிண்டவிக்
29 ஜனவரி 1967

தம்பி ஈவாருக்கு,

புது வருட வாழ்த்து உனக்கும் லியோன்டின் அம்மாவுக்கும். பன்றித்தொடையைப் பாதி ஃபோல்கேக்குக் கொடுத்தேன். லஞ்சம் இல்லை, மீந்தது.

ஒரு வேடிக்கை நடந்தது. உன் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபோல்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"அக்கா, இது யார் போட்ட கையெழுத்து?"

"யார் போடுவா? அவன்தான்."

"கோப்புல பதினெட்டு அட்டை இருக்கு. ஒண்ணுகூட இப்படி இல்லியே. இதை நான் எப்படி வாங்குறது? நாளைக்குக் கணக்காய்வுக்காரன் கேட்டா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் கையெழுத்து செல்லாதாம், என்னுடையது செல்லுமாம்! வேறு அட்டை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு வாரம் கழித்து நானே போட்டுக் கொடுத்தேன். ஒரு பேச்சில்லாமல் முத்திரை குத்தினான். பார்த்தாயா, நீ இல்லாமல் நீ எவ்வளவு நன்றாக இருக்கிறாய்!

*

மேலே உள்ளதை முந்தாநாள் எழுதினேன். தபாலில் போடவில்லை.

உன் அட்டையை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை. கல்லாவில் வைத்திருக்கிறேன். காலையில் கதவுக்கீல் கேட்டவருக்கு ஆணியைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். கதவைத் திறக்கும்போதே ஆள் என்ன வாங்க வந்தார் என்று சொல்லிவிடுகிறவள் நான்.

மேசைக்கு ஒரு கால் குட்டையாக இருந்தால் எழுத்து ஒரு பக்கமாகச் சாயும். சாயத்தான் சாயும், ஈவார். நடுங்காது. மேசைக்கால் விற்கிறவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நீ இப்போது எத்தனை படி ஏறுகிறாய்? எண்ணை மட்டும் எழுது. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சிக்னே


ஆன்ட்வெர்ப்
12 பிப்ரவரி 1967

அக்கா,

நாலு.

நடுவில் ஒருமுறை நின்றால் ஆறு.

மே நல்ல மாதம்தான். நீ அலையாதே, தெருவெல்லாம் வழுக்கும். முழங்கால்.

ஈவார்


லிண்டவிக்
4 மார்ச் 1967

ஈவார்,

நான் நலம். நீ எப்படி என்று கேட்கப்போவதில்லை. வந்ததும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

மே வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உனக்கு வீடு கிடைத்துவிட்டது. உன் கடிதம் வந்த அன்றே கடையைப் பூட்டிவிட்டு மில் தெருவுக்குப் போனேன். கெர்ஸ்டின் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏரிக்கரை வீடு அவர்களுக்கு, இது உனக்கு.

"அந்தப் புது வீட்டைக் குடுத்துட்டு இந்தத் தூள் வீட்டையா கேக்குறீங்க? போன அக்டோபர்ல நீங்கதானே வேண்டாம்னீங்க. தெருவே சொல்லிச் சிரிச்சுதே."

"சொல்லட்டும்."

"உங்ககிட்ட வாளி வாங்க வந்தாக்கூட எங்க வீட்டுக்காரர் யோசிப்பாரு, இந்த அம்மா நம்மள எங்கயோ ஏமாத்துதுன்னு. இதுல என்ன சூட்சுமம்?"

"சூட்சுமம் ஒண்ணும் இல்லம்மா. எனக்கு வியாபாரம் தெரியல. அவ்வளவுதான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள், காப்பி ஊற்றினாள்.

மே வரைக்கும் அவர்கள் என் மேல் அறையில் இருப்பார்கள். நீ வேண்டாமென்ற அறையில் இப்போது ஒரு குழந்தை அழுகிறது, எனக்குத் துணைதான். ஃபோல்கே இப்படியெல்லாம் வழக்கமில்லை என்று இழுத்தான். சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். கடைசியில் அவனே வந்து ஜன்னல் இடுக்குகளில் காகிதம் அடைத்துக் கொடுத்தான், தூள் வராமல்.

கடையைக் காலி செய்து அங்கேயே உனக்குக் கட்டில் போட்டிருப்பேன். ஆனால் நீ கேட்டது அதுவல்ல. உன் பெயர் போட்ட கதவைக் கேட்டாய். பித்தளைத் தகட்டில் வெட்டி வாங்கி நானே முடுக்கியிருக்கிறேன்: ஈ. நோர்லிங். கட்டில் ஜன்னலோரம். படுத்தபடி நானே பார்த்தேன், ஆலைக்குப் போகிறவர்களின் தொப்பி வரை தெரிகிறது. அந்த இரண்டு படியின்மேலும் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டு ஆணியடித்துவிட்டேன். ஆகவே படி இல்லை. ஒன்றுகூட இல்லை.

ரயில் மேட்டில் நீ நடக்கவேண்டாம், ஃபோல்கேயின் வண்டி வரும். இருபதாம் தேதி கடையைப் பூட்டிவிட்டு நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மறுபேச்சுப் பேசாதே. சாவியை இதோடு வைத்திருக்கிறேன், உன்னிடம் இருக்கட்டும்.

அக்டோபரில் நான் உனக்குத் தந்தி அடித்திருக்கவேண்டும். அதை இங்கே வந்து உட்கார்ந்தபிறகு நீ சொல்லித் திட்டு.

அக்கா


ஆன்ட்வெர்ப்
14 மார்ச் 1967

மதிப்புக்குரிய சிக்னே அம்மாவுக்கு,

நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. உங்கள் உடல்நலத்தைக் கேட்டு எழுதத் தொடங்குவதற்கே கை வரவில்லை. உங்கள் மொழி எனக்குத் தெரியாது. கடலோடிகள் தேவாலயத்துப் போதகர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

உங்கள் தம்பி வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதி காலை போய்விட்டார். இன்று அடக்கம் முடிந்தது. உங்களுக்குத் தந்தி கொடுக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவ முழங்காலோட ரெண்டு நாள் ரயில்ல வருவா, வந்து மூடின பெட்டியைப் பாப்பா. வேண்டாம், லியோன்டின். எல்லாம் முடிஞ்சப்புறம் எழுது" என்றார். நான் செய்தது தப்பானால் என்னைத் திட்டுங்கள். நீங்கள் நன்றாகத் திட்டுவீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நுரையீரல். கப்பலில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளைப் பஞ்சின் தூள் உள்ளே போய்விட்டதாம். ஆகஸ்டிலேயே மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார்கள். அவர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி, மே வரைக்கும் வேலை இருக்கிறது என்றார்.

உங்கள் கடைசிக் கடிதம் புதன்கிழமை வந்தது. போதகர்தான் படித்துக் காட்டினார். பலகை போட்டதை எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் தீக்குச்சிக் கட்டிலையும் நாற்காலியையும் எடுக்கச் சொன்னார். அது வேறு வீட்டின் வரைபடம் என்று சொன்னேன். பின்பக்கம் வெறும் காகிதம்தானே, அதில் புது வீட்டை வரை என்றார். ஓர் அறை, ஒரு சமையலறை வரைந்தேன். வாசல் எங்கே என்று கேட்டேன். விரலால் தொட்டுக் காட்டினார்.

உங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்கவேண்டும். சாவி அவர் கையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. அதோடுதான் போயிருக்கிறார். உங்கள் ஊர் அலுவலகம் கேட்டால் என்ன சொல்வீர்களோ தெரியவில்லை.

உங்களுக்குக் கம்பளித் துணி அனுப்பச் சொன்னார். முழங்காலுக்கு. தனியாக வருகிறது.

லியோன்டின்


லிண்டவிக்
2 ஏப்ரல் 1967

அன்புள்ள லியோன்டின் அம்மா,

கம்பளித் துணி கிடைத்தது. சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். அவனுக்குச் சூப் வைத்த கை உங்களுடையது. நான் உங்களைத் திட்டவில்லை. திட்டவேண்டிய ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

சாவியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இங்கே சாவி தொலைந்தால் பூட்டை மாற்றவேண்டும். பூட்டு விற்கிறவள் நான். நானே மாற்றினேன்.

அக்டோபரில் நான் சரி என்று சொல்லியிருந்தால் அவன் நவம்பரில் அந்த ஜன்னலோரம் படுத்திருப்பான். நாலு மாதம், அம்மா. மரத்தூளுக்காக அதை விட்டுவிட்டேன். பதினெட்டு வருடம் வரிசையில் நிறுத்திவைத்தவனுக்கு வெறும் இரண்டு படி வீடா என்று நினைத்தேன். அவன் ஒவ்வொரு கடிதத்திலும் படியைத்தான் கேட்டான். எனக்குப் பால்கனிதான் கண்ணில் பட்டது.

நேற்று வீட்டைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். வரிசையிலிருந்து அவன் பெயரை எடுக்கவும் ஒரு தாள் இருக்கிறது. ஃபோல்கே மெல்லச் சொன்னான்: "நீங்க உங்க பேரையே போட்டாப் போதும்க்கா."

"இல்லடா. சேத்தது அவன் பேர்ல. எடுக்கிறதும் அவன் பேர்லயே இருக்கட்டும்."

போட்டேன். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து. நேற்று வரவில்லை. பேனா எங்கெங்கோ போனது. வேறு தாள் கேட்டேன். ஃபோல்கே தரவில்லை. ஜனவரியில் அவன் செல்லாது என்று தள்ளிய அட்டை என் பையில் இருந்தது, அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவன் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணாத்தான் இருக்கு" என்றான். முத்திரை குத்தினான்.

இத்துடன் ஒரு சிறு பொட்டலம் அனுப்புகிறேன். மில் தெருக் கதவிலிருந்து கழற்றிய பெயர்த்தகடு. அங்கே அவனுக்கு மரச்சிலுவைதானே வைத்திருப்பீர்கள். அதில் முடுக்கிவிடுங்கள். திருகாணி நாலும் பித்தளைதான், மழையில் துருப்பிடிக்காது. ஐந்தாவதாக ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்று தொலைந்துபோனால் வேண்டும்.

சிக்னே நோர்லிங்